கட்டிலில் தொங்கிய பேர்

"பேர் என்ன?" என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார்.

கருப்பம்மாள் திரும்பி வாசலைப் பார்த்தாள். மகன் தங்கமுத்து வண்டிமாடுகளை அவிழ்த்துப் புங்க மரத்து நிழலில் கட்டிக்கொண்டிருந்தான். அகரத்திலிருந்து வண்டியில் படுத்தபடியே வந்த அவள் புருஷனை ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்படி வரை நின்றது.

"நோயாளி பேரும்மா."

கலியாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று மாமியார் சொல்லியிருந்தாள். எவ்வளவு குறையும் என்று சொல்லவில்லை. அதனால் பயம் கூடுதல். ஊரில் இது ஒரு சிரமமாக இருந்ததே இல்லை. அவரைத் தெரியாதவர்கள் அங்கே கிடையாது. அவர் பேரை அவளிடம் யார் கேட்கப்போகிறார்கள்? குடல் இறங்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே கிடக்கிற மனிதரின் பேரை முதல்முதலாகச் சொல்ல இது நாளா என்று நினைத்தாள்.

"பழனி மலையில நிக்கிறாருல்ல," என்றாள். "கோமணத்தோட. அவரு பேருதான்."

"பழனிச்சாமியா?"

"அதுக்குப் பக்கத்துல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தண்டபாணியா என்று ஒருவன் கேட்டான். வேலுச்சாமியாக இருக்கும் என்றாள் ஒரு கிழவி. எழுதுகிறவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமி ஒண்ணுதானம்மா," என்று சொல்லி மை தொட்டு எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வார்டு வாசலில் ஆள் அந்தச் சீட்டைப் பார்த்து, "பழனிச்சாமி, ஏழாம் கட்டில்," என்று கூவியது காதில் விழுந்தது. சாமி ஒன்றுதானே என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை அறுத்துத் தைத்தார்கள். ஒரு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மகன் அன்றைக்கே ஊர் திரும்பினான். காட்டில் வெங்காயம் பிடுங்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். அகரத்தில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் குறைவு. விடியுமுன் எழுந்து போனால் கமலை, வரப்பு, மாடு, சந்தை. கூழைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அடித்ததில்லை, வைததும் அதிகமில்லை. உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதுமில்லை. நான்கு பிள்ளைகள் பிறந்து, இரண்டு தங்கி, இருவருக்கும் கலியாணம் முடிந்து எல்லாம் இந்த நடைக்கு நடுவே நடந்து முடிந்திருந்தது. இப்போது அவர் வெள்ளைத் துப்பட்டியின் மேல் படுத்திருந்தார். எங்கும் போக முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஒருக்களித்தார். பின்கட்டில் துணைக்கு வந்தவர்கள் பொங்கித் தின்ன ஒரு கொட்டகை இருந்தது. அங்கே கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, ஊதி ஊதி அவர் வாயில் ஊட்டினாள். ஈரத்துணியால் முகம் துடைத்தாள். தலை வாரிவிட்டாள். அவர் தலையில் வகிடு எந்தப் பக்கம் எடுக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது பக்கம்.

ஐந்தாம் நாள் கஞ்சி குடித்து முடித்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்று கேட்டார்.

அவள் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனாள். குழாயடியில் கொஞ்ச நேரம் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஆறாம் கட்டிலில் சௌகத் அலி இருந்தார். தோல் பதனிடுகிற கிடங்கில் முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். கால் விரல்களில் நகம் இல்லை. அவருக்கும் அதே குடலிறக்கம், ஒரு நாள் தள்ளி அறுத்தார்கள். பெண்சாதி இறந்துவிட்டாள். ஒரே மகள் வாணியம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். துணைக்கு யாரும் வரவில்லை. தலையணைக்குக் கீழே ஒரு எனாமல் குவளை வைத்திருந்தார். ஆறாம் நாளே வயிற்றை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையில் குவளையுடன் கொட்டகைக்கு வெந்நீர் வாங்க வந்து நின்றார். கருப்பம்மாள் பதறி, கேட்டிருந்தால் நானே கொண்டாந்திருப்பேனே என்றாள்.

"இன்னிக்கு நீ கொண்டாருவ தங்கச்சி. நாளைக்கு நீ ஊருக்குப் போயிருவ. கொவளைக்குக் காலு மொளைக்குமா?"

நர்ஸ் அல்போன்சா அவரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். அவர் கட்டிலுக்குத் திரும்பினார். மறுநாளும் வந்தார்.

எட்டாம் நாள் டாக்டர் புண்ணைப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது, இனி எழுந்து உட்காரலாம், நாலடி நடக்கலாம் என்றார். கருப்பம்மாள் தோளுக்குக் கீழே கை கொடுத்துப் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். கிறுகிறு என்று வருகிறது என்றார். அவள் உடனே சாய்த்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அவர் கேட்கவும் இல்லை, அவள் தூக்கவும் இல்லை. பத்து நாள் படுத்ததில் கெண்டைக்கால் சதை தொளதொளத்திருந்தது. அகரத்திலிருந்து ஆறு மைல், இந்தத் திண்டுக்கல் சந்தைக்குக் கத்திரிக்காய் மூட்டையைத் தலையில் வைத்து நடந்த கால். அவள் அதற்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எண்ணெய் தேய்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அல்போன்சா தோமையார் தெருப் பக்கம் இருந்து சைக்கிள் ரிக்ஷாவில் வருகிறவள். முப்பது வயசிருக்கும். கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுங்கள் என்று அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

"கை நடுங்குதும்மா அவருக்கு."

"நடுங்கட்டும். சிந்தட்டும். துப்பட்டிய நான் மாத்திக்கறேன்."

கருப்பம்மாள் தலையை ஆட்டினாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கரண்டியை எடுத்து ஊட்டினாள். பிள்ளை குட்டி பெறாதவளுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் பேச்சு எப்போது தடம் மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம், மயிலைக்குத் தண்ணி காட்டியாச்சா என்றார். மயிலைக் காளையை விற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. காட்டியாச்சு என்றாள். எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இன்னொரு நாள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பாறையைக் காட்டி, அது என்ன மலை என்றார். அவர்கள் காட்டில் நின்று தெற்கே பார்த்தால் ஆயுசு பூராவும் தெரிகிற கோட்டை மலைதான். இங்கே கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. நம்ம மலைதாங்க என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டார். அவள் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். வாழ்நாளில் அவள் பேச்சை யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை அவள் கொட்டகையில் இருந்தபோது டாக்டர் வந்து போயிருக்கிறார். கஞ்சியோடு திரும்பிய அவளிடம் சௌகத் அலி சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் அவரை என்னென்னமோ கேட்டாராம். என்ன கிழமை என்றதற்குத் தெரியவில்லை. இது எந்த ஊர் என்றதற்கு அகரம் என்றாராம்.

"அத விடு. உம் பேரு என்னய்யான்னு கேட்டாரு. ஆண்டிச்சாமிங்கறாரு. பாவம், அதுவும் மறந்துபோச்சு."

கருப்பம்மாள் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள். கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தார்.

"சரியாத்தான சொல்லிருக்காரு" என்பது நாக்கு வரை வந்தது. வந்ததோடு பல காரியங்களும் வந்தன. சர்க்கார் காகிதத்தில் பொய்ப் பேர் கொடுத்திருக்கிறாள். ஊசி போட்டதும் மயக்க மருந்து கொடுத்ததும் அறுத்ததும் பழனிச்சாமிக்கு. இப்போது அது வேறு ஆள் என்றால் என்ன செய்வார்கள்? போட்ட தையலைப் பிரிக்க மாட்டார்கள். இருந்தாலும் கேள்வி கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கலக்கினாள்.

அன்று சாயந்திரம் அல்போன்சா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். வயசானவர்கள் இப்படிக் கட்டிலிலேயே கிடந்தால் கால் மட்டும் போகாது, நினைவும் சேர்ந்து போகும். தினமும் காலையில் பேர், ஊர், கிழமை மூன்றையும் எடுத்துச் சொல்லி ஞாபகப்படுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் எழுந்து நடக்கவில்லையென்றால் அப்புறம் நடக்கிறது கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை காலை அல்போன்சா ஏழாம் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். "பழனிச்சாமி. இது திண்டுக்கல். இன்னிக்குச் செவ்வாக்கிழமை."

"எம் பேரு அது இல்லம்மா," என்றார் அவர்.

"அட்டையில அதான் இருக்கு தாத்தா."

புதன்கிழமை, எங்க ஐயா வெச்ச பேரு ஆண்டிச்சாமி என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். சௌகத் அலியும் தன் பங்குக்கு, அடம் பிடிக்காதீங்க பழனிச்சாமியண்ணே, நர்ஸம்மா நல்லதுக்குத்தான் சொல்லுது என்றார். வியாழக்கிழமை அவர் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகு தலையைத் திருப்பிக் கருப்பம்மாளைப் பார்த்தார். கேட்கிற பார்வை. சந்தையில் யாராவது எடை சரியில்லை என்று தகராறு செய்தால், பக்கத்தில் நிற்கிற ஊர்க்காரனை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அவள் தலையைக் குனிந்து தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை, "பழனிச்சாமி," என்று அல்போன்சா ஆரம்பித்ததும், "ஆமாங்க," என்றார்.

அல்போன்சாவுக்குச் சந்தோஷம். பாத்தீங்களா, ஞாபகம் வந்துருச்சு என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எதிர்க்கட்டில் ஆள்கூடச் சிரித்தான். சௌகத் அலி குவளையைத் தூக்கிக் காட்டினார். கருப்பம்மாள் மட்டும் தன் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. வீம்பு இல்லை. எவனோ காட்டிய இடத்தில் கட்டிய மாடு போல அவர் படுத்திருந்தார்.

அன்று சாயந்திரம் அகரத்துக்காரர் ஒருவர் சந்தைக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கமுத்து சொல்லியனுப்பியதைச் சொன்னார். வெங்காய வேலை முடிந்தது. திங்கட்கிழமை வைக்கோல் பரப்பிக் கூண்டு வண்டி கொண்டு வருகிறான். கலப்பை போட்டிருந்த அறையை ஒழித்துக் கயிற்றுக் கட்டில் போட்டாயிற்று. அப்பன் இனிக் கிணற்றுப் பக்கம் வர வேண்டாம், காலத்துக்கும் படுத்திருக்கட்டும், ராசா மாதிரி பார்த்துக்கொள்கிறோம் என்றானாம் மகன். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றார்.

அவர் போன பிறகு கருப்பம்மாள் புருஷனுக்கு ஊட்டினாள். கஞ்சியும் கொத்தமல்லித் துவையலும். ஏழெட்டு வாய் வாங்கிவிட்டு அவர் உதட்டை மூடிக்கொண்டார்.

"போதும் ஆத்தா."

அவள் கரண்டி நின்றது. அவர் வாழ்க்கையில் ஒரே ஒருத்தியைத்தான் ஆத்தா என்று கூப்பிட்டிருக்கிறார். பெற்றவளை. பெண்சாதியை 'இந்தா' என்பார். யாராவது பக்கத்தில் இருந்தால் அதுவும் இல்லை, தொண்டையைக் கனைப்பார்.

"நீ சாப்டியா ஆத்தா?" என்றார் அவர், அதே குரலில்.

ஐந்தாம் நாள் கேட்டதை இத்தனை நாளாக மடியில் முடிந்து வைத்திருந்தாள். இரவில் வராந்தாவில் படுத்துக்கொண்டு அதை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். அது தன்னைக் கேட்டதுதானா என்று இப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மாமியார் செத்து இருபத்தாறு வருஷம். சாப்பிட்டேன் என்று அவளுக்காகவும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலை அல்போன்சா வார்டுக்குள் நுழையுமுன்பே கருப்பம்மாள் அவளை மறித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைத் தலை கால் புரியாமல் சொன்னாள். அட்டையில் இருப்பது தப்பு. அவர் முதலில் சொன்னதுதான் பேர். சீட்டு எழுதுகிறவர் மேல் குற்றமில்லை. அதுக்குப் பக்கத்தில் என்று சொன்னது தான்தான். தையலுக்கு ஒன்றும் ஆகாதே?

அல்போன்சா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. சுவரில் சாய்ந்துகொண்டு, மனக்கணக்குப் போடுகிறவளைப்போல நாலு நாளையும் விரல்விட்டு எண்ணினாள்.

"சரியாச் சொன்ன மனுசனத் தப்புத் தப்புன்னு நாலு நாளா அடிச்சிருக்கோம்," என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்துதான இருந்தீங்க?"



அல்போன்சா அட்டையை எடுத்து, பேரை அடித்து மேலே திருத்தி எழுதினாள். கட்டிலருகில் நின்று, "ஆண்டிச்சாமி," என்றாள். "இது திண்டுக்கல். இன்னிக்குச் சனிக்கிழமை."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மரியாதையாகச் சொன்னார். "பழனிச்சாமின்னீங்களே நர்ஸம்மா. ஒங்களுக்கு எது தோதோ அத வெச்சுக்கங்க."

சௌகத் அலியும் கூப்பிட்டுப் பார்த்தார். ஆண்டிச்சாமியண்ணே என்று நாலைந்து தடவை. "ம்" என்று மட்டும் வந்தது. பழனிச்சாமியண்ணே என்றார். அதற்கும் "ம்".

வராந்தாவில் அல்போன்சா சொன்னாள். இனி நாங்கள் சொல்லி நம்ப மாட்டார். சேர்ந்து வாழ்ந்தவர்கள் வாயால் வர வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். ஊட்டுவதை நிறுத்துங்கள். கஞ்சியைத் தூரத்தில் வையுங்கள். உங்கள் கையும் தோளும் இருக்கிற வரைக்கும் அவருக்குக் கால் எதற்கு?

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்மா," என்றாள் கருப்பம்மாள்.

அல்போன்சா கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தாள். அவள் செய்யவில்லை. ஊசிகளைக் கொதிக்கவைக்கிற பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கம்மாவும் எங்கப்பா பேரச் சொன்னதில்ல. ஞானராஜுன்னு அவரு பேரு. அப்பா செத்த பெறகு, கோயில்ல பூசைக்குப் பேர் குடுக்கணும்ல. சாமியார் கேட்டாரு. அப்பத்தான் மொதத் தடவ சொன்னாங்க. சொல்லிட்டு, இதக் கேக்க அவரு இல்லையேன்னு அழுதாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். கருப்பம்மாள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூண் வெயிலில் சுட்டது.

கொட்டகையில் வெந்நீருக்கு வந்த சௌகத் அலிக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எதுவும் கட்டிலுக்குக் கட்டில் நடந்து போய்விடும். அவர் குவளையை நீட்டிக்கொண்டே, தன் வீட்டுக்காரி தன்னைப் பேர் சொல்லித்தான் திட்டுவாள் என்றார். காலையில் ஒரு தடவை, கிடங்கிலிருந்து நாற்றத்தோடு வந்தால் ஒரு தடவை.

"சௌகத்து, ஒன் கையில புழு வைக்கன்னு தெரு முச்சூடும் கேக்கும். நாந்தேன் இருக்கேன். அவதேன் போயிட்டா." கொஞ்சம் யோசித்து, "இப்பத் திட்ட ஆளில்ல. வெறும் பாயின்னுதேன் கூப்புடுறானுக," என்றார்.

அவர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகப் போனார். பின்வாசலுக்கு மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினார். ஏறிவிட்டார். ஒரு நாள் தள்ளி அறுத்த வயிறு. யாரும் ஊட்டாத வாய். கருப்பம்மாள் அவர் முதுகு உள்ளே மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுவதும் அவளால் முடியவில்லை. இரண்டு தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தாள். அவர் பிள்ளை மாதிரிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. ராத்திரிக் கஞ்சியை அவளே ஊட்டினாள். இது கடைசி என்று தனக்குச் சொல்லிக்கொண்டு ஊட்டினாள். வகிட்டை வலது பக்கம் எடுத்துச் சீவிவிட்டாள். கலப்பை அறையும் கயிற்றுக் கட்டிலும் ஞாபகம் வந்தன. அங்கேயும் இதேபோலத்தான். தலை வாரலாம், கால் தேய்க்கலாம், ஊட்டலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஊரே மெச்சும். பழனிச்சாமி என்று ஒருவர் அவள் கையில் சாகும் வரை இருப்பார். ஆண்டிச்சாமி என்பவருடைய ஆயுசை யாருக்காக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருவதில்லை. மத்தியானம் வார்டு அமைதியாக இருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவள் கொட்டகையில் சோறு வடித்துக் கத்திரிக்காய் வெஞ்சனம் வைத்தாள். இரண்டு தட்டில் போட்டாள். படிக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, ஒரு மர நிழலில் தட்டுகளை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பின்வாசல் தெரியும். உள்ளே இருட்டாகத் தெரிந்தது. வாசலிலிருந்து ஏழாவது கட்டில். நடுவில் ஆறு.

கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். காட்டில் தூரத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிறபோது போல வாயருகில் கையைக் குவித்துக்கொண்டாள்.

"ஆண்டிச்சாமி."

அந்தப் பேர் அவள் வாயில் புளிப்பாகவும் புதிதாகவும் இருந்தது. நாற்பத்து நாலு வருஷம் அடியிலேயே கிடந்தது. கொட்டகையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வானம் ஒன்றும் ஆகவில்லை. மரத்தில் காக்கை அப்படியே இருந்தது.

"ஏ ஆண்டிச்சாமி. சோறு போட்டாச்சு."

உள்ளே ஒரு இருமல். அந்த இருமல் அவளுக்குத் தெரியும். வாய்க்காலில் யாராவது மடையை மாற்றித் திறந்துவிட்டால் வருகிற இருமல்.

"எவ அவ?" என்றது குரல். கரகரப்பாக, மெலிந்து. ஆனாலும் அவர் குரல். "எவடி அவ, எம் பேரச் சொல்லிக் கூப்புடுறவ?"

அவள் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். எழுந்து ஓடிப்போய்த் தோள் கொடுக்கக் கை கிடந்து தவித்தது. கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை. விழுந்துவிட்டாரோ என்று நினைத்தபோது இரும்பில் உள்ளங்கை விழுகிற சத்தம் கேட்டது. கட்டில் கம்பி. ஒன்று. அது சௌகத் அலி கட்டில். பாய் கை கொடுப்பார் என்று நினைத்தாள். "நான் எந்திரிக்க மாட்டேண்ணே, நர்ஸம்மா வையும்," என்று அவர் சொல்வது கேட்டது. அடுத்த கம்பி. செத்த நேரம் மூச்சு வாங்குகிற சத்தம். அடுத்தது. நடுவில் எங்கேயோ எதுவோ உருண்டு விழுந்தது. குவளையாக இருக்கும். யாரோ சிரித்தார்கள். அடுத்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆறாவது கம்பி கேட்கவில்லை. அதற்குப் பதில் கதவு நிலையில் ஒரு கை வந்து பற்றியது.

அவர் நின்றார். முழங்கால்கள் நடுங்கின. வேட்டி அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, கொட்டகையை, மரத்தை, தூரத்துப் பாறையை, கடைசியில் அவளைப் பார்த்தார். நேற்று ராத்திரி வாரிவிட்ட வகிடு கலைந்து போயிருந்தது.

"ஏ கருப்பம்மா. ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

அவர் பின்னால் அல்போன்சா வந்து நின்றிருந்தாள். கையை முன்னால் நீட்டியிருந்தாள். தொடவில்லை.

"சோறு ஆறுது," என்றாள் கருப்பம்மாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"ஆறினா ஆறட்டும். ஊரு சிரிக்கப் பேரச் சொல்லிக் கூப்புடுறா. வாரேன் இரு. வந்து பேசிக்கறேன் ஒன்னைய."

அவர் வலது காலைத் தூக்கினார். கிணற்றில் இறங்குகிறவர் தண்ணீரைத் தேடுவதுபோல அந்தக் கால் முதல் படியைத் தேடிக் கீழே துழாவியது. அவள் தன் தட்டை மடிக்கு இழுத்து ஒரு கவளம் பிசைந்தாள். அவருடைய தட்டை இன்னும் ஒரு முழம் தள்ளி வைத்தாள்.